சர் சி.பி.: ஆற்றலும் அதிகாரமும்

கல்குளம் வட்டத்துத் திருவிதாங்கோடு இன்று அமைதியான சிற்றூர். ஒரு நாட்டிற்கே தன் பெயரை ஈந்த ஊர் அது என்பதை நம் மாணவருள் பலர் அறியார். அப்பெயரைத் தாங்கிய திருவிதாங்கூர் நாட்டின், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சியின், ஒரு பகுதியாகவே தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 அக்டோபர் முடிய இருந்தன. எனவே அந்நாட்டின் கடைசி நாள்களில் பெரும்பங்கு கொண்ட திவான் சர் சி.பி. இராமசாமி ஐயரின் வாழ்வு நமக்கு அயலார் கதையன்று. நம் பாட்டன்மார் நேரில் கண்ட வாழ்வு.

அப்பாட்டன்மார் அவரைப் பற்றிப் பேசும்போது ஒரே திண்ணையில் இரண்டு குரல்கள் கேட்கும். சாலை தந்தவர், மின்சாரம் தந்தவர், கோயில் கதவு திறந்தவர் என்பது ஒரு குரல். மக்களைச் சுட்டவர், ஏடுகளை அடைத்தவர், எவர்க்கும் அடங்காதவர் என்பது மற்றொரு குரல். இரண்டும் உண்மையே. ஒரே மனிதரிடம் இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே அமைந்தன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்சியும் அடங்காமையும்

ஆள்வோரிடம் கணக்குக் கேட்பது நாஞ்சில் நாட்டார்க்குப் புதிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நாட்டார் கூட்டம் கூடி, முறையற்ற வரியைச் செலுத்துவதில்லை என்று முடிவு செய்ததைப் பழைய ஓலை ஆவணங்கள் காட்டுகின்றன. 1799இல் தலக்குளத்து வேலுத்தம்பி இப்பகுதி மக்களைத் திரட்டித் திருவனந்தபுரம் சென்று, கொடுங்கோன்மை புரிந்த அமைச்சர்களை நீக்குமாறு மன்னரிடம் கோரி வென்றார். பின்னர் அவரே தளவாயாகித் தம் கடுமைக்குப் பெயர்பெற்றார் என்பதையும் நாம் மறத்தற்கில்லை. அமைச்சரை நீக்கும் உரிமை மன்னரிடம் மட்டுமே இருந்தது. மக்கள் முறையிடலாம்; முடிவு செய்ய இயலாது.

1910இல் திவான் பி. இராஜகோபாலாச்சாரியைக் கண்டித்தெழுதிய சுதேசாபிமானி இதழின் ஆசிரியர் கே. இராமகிருஷ்ண பிள்ளை நாடுகடத்தப்பட்டார். அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. அதன் உரிமையாளர் வக்கம் அப்துல் காதர் மௌலவி. ஆசிரியர்க்கு முழு எழுத்துரிமையை வழங்கிய அப்பெருமகனார், தம் அச்சகத்தை இழந்தும் அக்கொள்கையை இழக்கவில்லை. திவானின் சினத்தைத் தடுத்து நிறுத்தும் மன்றம் ஒன்றும் அந்நாளில் இல்லை. இத்தகைய பதவியில்தான் கால்நூற்றாண்டிற்குப் பின்னர் சி.பி. வந்தமர்ந்தார்.

வழக்கறிஞரின் வளர்ச்சி

இராமசாமி ஐயர் 1879 நவம்பர் 12ஆம் நாள் வந்தவாசியில் பிறந்தார். தந்தையார் பட்டாபிராம ஐயர் நீதித்துறையில் உயர்பதவி வகித்தவர். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்ற மைந்தர், 1903இல் வழக்கறிஞரானார். சில ஆண்டுகளிலேயே அவர் பெயர் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஓங்கியது. ஜே. கிருஷ்ணமூர்த்தியின் காப்புரிமை பற்றிய வழக்கில் அன்னி பெசண்ட் அம்மையாருக்கு எதிராக வாதாடியவர், பின்னர் அவ்வம்மையாரின் நண்பராகித் தன்னாட்சி இயக்கத்தில் முன்னணியில் நின்றார். அகில இந்தியக் காங்கிரசின் செயலாளருள் ஒருவராகவும் விளங்கினார். இந்தியர்க்குப் பொறுப்பாட்சி வேண்டும் என்று அன்று மேடைதோறும் முழங்கியவர் அவர் என்பதைப் பின்வரும் செய்திகளைப் படிக்குங்கால் நெஞ்சிற் கொள்ளவேண்டும்.

காந்தியடிகளின் ஒத்துழையாமை நெறி அவருக்கு உடன்பாடாகவில்லை. 1920இல் சென்னை மாகாணத் தலைமை வழக்கறிஞராகவும், 1923 முதல் 1928 வரை ஆளுநரின் நிருவாகக் குழுவில் சட்ட உறுப்பினராகவும் பணிபுரிந்தார். மேட்டூர் அணைத் திட்டமும் பைக்காரா மின்திட்டமும் உருப்பெற்றதில் அவர்க்குப் பங்குண்டு. அரசுப் பணியில் இருந்துகொண்டே நாட்டை உயர்த்தலாம் என்ற எண்ணம் அவரிடம் வேரூன்றியது இக்காலத்தில்தான் எனலாம்.

திவான் பதவியில்

1931இல் சித்திரைத் திருநாள் மன்னர் ஆட்சிப் பொறுப்பேற்றபோது சி.பி. அவருடைய சட்ட ஆலோசகரானார்; 1936 அக்டோபரில் திவானானார். அடுத்த மாதமே, நவம்பர் 12ஆம் நாள், கோயில் நுழைவு அறிக்கை வெளிவந்தது. சாதி வேறுபாடின்றி இந்துக்கள் அனைவர்க்கும் அரசுக் கோயில்கள் திறந்தன. சுசீந்திரத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்கே போராடிய மக்கள் கோயிலுக்குள்ளேயே சென்று வழிபட்டனர். 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1938இல் அரசுப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 1940இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கிற்று. 1944இல் மரணதண்டனை நீக்கப்பட்டது. திருவனந்தபுரத்தையும் குமரிமுனையையும் இணைத்த சிமென்ட் சாலையை நம் முதியோர் இன்றும் சி.பி.யின் பெயரோடு சேர்த்தே நினைவுகூர்வர்.

ஆயின், ஆட்சியின் அமைப்பு வேறுவிதமாக இருந்தது. ஸ்ரீமூலம் சபை, ஸ்ரீசித்திரா அவை என இரண்டு சட்ட அவைகள் இருந்தன. அவ்விரண்டிற்கும் தலைவர் திவானே. ஆணை பிறப்பிப்பவரும் அவர். அவ்வாணையைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டிய அவையின் நாற்காலியில் அமர்பவரும் அவர். துணைத்தலைவராக மட்டுமே உறுப்பினர் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவியில் இருந்த டி.எம். வர்கீஸ் 1938இல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் நீக்கப்பட்டார். துணைத்தலைவரை நீக்கவியன்ற அவைக்குத் தலைவரை நீக்க வழியில்லை.

1938 பிப்ரவரியில் பட்டம் தாணுப்பிள்ளையைத் தலைவராகக் கொண்டு திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தோன்றியது. மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும் என்பது அதன் முதற்கோரிக்கை. திவான்மீது குற்றச்சாட்டுகளை அடுக்கி மன்னரிடம் மனு அளித்தனர். அடக்குமுறை தொடர்ந்தது. நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. மலையாள மனோரமா நாளிதழ் மூடப்பட்டது. இறுதியில் காந்தியடிகளின் அறிவுரைப்படி அம்மனு திரும்பப் பெறப்பட்டது. ஒரு தனிமனிதரைக் குற்றஞ்சாட்டுவதினும் ஆட்சிமுறை மாற்றத்தைக் கேட்பதே தக்கது என்பது அவ்வறிவுரையின் சாரம்.

அமெரிக்க மாதிரி

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் மாற்றத்தைத் தவிர்க்கவியலாது என்பதைச் சி.பி. உணர்ந்தார். 1946 ஜனவரியில் புதிய அரசியல் திட்டமொன்றை முன்வைத்தார். வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை உண்டு. சட்டமியற்ற மக்கள் அவைகள் உண்டு. ஆயின் நிருவாகத் தலைவரான திவானை மன்னரே அமர்த்துவார். அவரைச் சட்ட அவை நீக்கவியலாது. அமெரிக்காவில் குடியரசுத் தலைவரைப் பேராயம் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் இறக்க முடியாது என்பதை எடுத்துக்காட்டி, இஃது அமெரிக்க மாதிரி என்றனர். அடிக்கடி அமைச்சரவை கவிழாமல் நிலையான ஆட்சி அமையும் என்பதே இதற்குக் கூறப்பட்ட நியாயம்.

இந்நியாயம் முற்றும் பொய்யன்று. நிருவாகம், சட்டமன்றம், நீதிமன்றம் என அதிகாரத்தை மூன்றாகப் பிரித்து வைப்பது உரிமையைக் காக்கும் வழிகளுள் ஒன்றென அறிஞர் பலரும் ஒப்புக்கொண்டனர். ஆயின் அமெரிக்க மாதிரியில் சி.பி. எடுத்துக்கொண்டது ஒரு பாதி. விட்டுவிட்டது மறு பாதி. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நான்காண்டுகட்கு ஒருமுறை மக்கள் வாக்கை நாடவேண்டும். பெருங்குற்றம் புரிந்தால் பேராயம் அவரை விசாரித்து நீக்கலாம். அவர் அமர்த்தும் உயர் அலுவலர்க்கு மேலவையின் இசைவு வேண்டும். அவர் ஆணையை நீதிமன்றம் செல்லாததாக்கலாம். திருவிதாங்கூர்த் திட்டத்தில் திவானை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மக்களின் அவை நீக்குவதுமில்லை. வேலியைப் பிடுங்கிவிட்டு வயலுக்குக் காவல் உண்டென்று கூறுவது போன்றதே இது.

கட்சிகள் இதனை ஒரே நோக்கில் காணவில்லை. ஸ்டேட் காங்கிரசாரிடையே தொடக்கத்தில் ஒத்த கருத்து இருக்கவில்லை. கம்யூனிஸ்டுகள் முற்றாக எதிர்த்தனர். அமெரிக்க மாதிரியை அரபிக்கடலில் எறிவோம் என்று முழங்கினர். தென்பகுதியில் 1945 டிசம்பரில் நாகர்கோவிலில் தோன்றிய தமிழர் அமைப்பு, திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற பெயரில், தமிழ்ப் பகுதிகளைச் சென்னையோடு இணைக்கவேண்டும் என்ற கோரிக்கையை வளர்த்து வந்தது. திவான் தமிழர் என்பதனாலேயே அவரை வெறுத்தாரும் உண்டு. அதனாலேயே அவரை ஆதரித்தாரும் உண்டு. இருவரும் தவறினர். அதிகாரத்தை அளக்கும் கோல் மொழியன்று. அஃது எவர்க்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதே அக்கோல்.

1946 அக்டோபரில் ஆலப்புழைப் பகுதியில் புன்னப்புரை, வயலார் ஆகிய இடங்களில் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். படைச்சட்டம் அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிகளின் முன் ஈட்டி ஏந்தி நின்ற ஏழைகள் பெருந்தொகையினராய் மாண்டனர். மாண்டோர் தொகை இன்றளவும் வாதத்திற்குரியது. அக்குருதிக்குக் கணக்குக் கேட்க வல்ல மக்கள் மன்றம் அன்று நாட்டில் இல்லை என்பது வாதத்திற்குரியதன்று.

வீழ்ச்சி

1947 ஜூன் 11ஆம் நாள், ஆங்கிலேயர் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று சி.பி. அறிவித்தார். பிறக்கவிருந்த பாகிஸ்தானுக்குத் தூதரையும் நியமித்தார். நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. ஜூலையில் திருவனந்தபுரம் பேட்டையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜூலை 25ஆம் நாள் இரவு, இசையரங்கொன்றிலிருந்து வெளிவந்த திவானைக் கே.சி.எஸ். மணி என்ற இளைஞர் வெட்டினார். படுகாயமுற்ற சி.பி. உயிர் பிழைத்தார். சில நாள்களில் மன்னர் இந்தியாவுடன் இணைய இசைந்தார். ஆகஸ்டில் சி.பி. பதவி விலகி நாட்டைவிட்டு நீங்கினார்.

ஒரு திவானை நீக்கச் சட்டத்தில் வழியில்லாதபோது வாள் அவ்வழியைத் தேடியது. கொலைமுயற்சியை நாம் போற்றுவதற்கில்லை. ஆயினும், சட்டத்தின் வாயில் அடைபட்ட வீட்டில் வன்முறை சுவரேறிக் குதிக்கும் என்ற பாடத்தை ஆள்வோர் மறத்தலாகாது.

1948 மார்ச்சில் பட்டம் தாணுப்பிள்ளை தலைமையில் பொறுப்பாட்சி அமைந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே அவர் தம் கட்சியாரின் நம்பிக்கையை இழந்து விலகினார். குருதி சிந்தவில்லை. பின்னர் 1954இல் அவரே மீண்டும் திருவிதாங்கூர்–கொச்சி முதலமைச்சரானபோது, ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர்மீது காவலர் சுட்டனர். திவானின் துப்பாக்கியை எதிர்த்தவர் ஆட்சியில் மீண்டும் துப்பாக்கி ஒலித்தது. இம்முறை அவருடைய பிரஜா சோஷலிஸ்டுக் கட்சியிலேயே இராம் மனோகர் லோகியா அவரைப் பதவி விலகக் கோரினார். மார்ஷல் நேசமணியின் இயக்கத்தார் அவையிலேயே இருந்து வாதாடினர். 1955 பிப்ரவரியில் அவ்வமைச்சரவை அவையின் நம்பிக்கையை இழந்து வீழ்ந்தது. மக்களாட்சியும் தவறு செய்யும். ஆனால் தவறியவரை இறக்கும் படிக்கட்டு அதில் உண்டு. 1946ஆம் ஆண்டுத் திட்டத்தில் இல்லாதிருந்தது அப்படிக்கட்டே.

பிற்காலம்

பதவி நீங்கிய சி.பி. ஓய்ந்திருக்கவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தராகப் பணிபுரிந்தார். தேசிய ஒருமைப்பாடு குறித்து ஆராய்ந்த குழுவிற்குத் தலைமை தாங்கினார். பிரிவினைப் பிரசாரத்தைத் தடுக்க வழிசெய்த 1963ஆம் ஆண்டின் பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் அக்குழுவின் பரிந்துரையை ஒட்டி வந்தது. ஒருகால் தனி நாடு அறிவித்தவரே ஒருமைப்பாட்டின் காவலரானார். 1966 செப்டம்பர் 26ஆம் நாள் இலண்டனில் தம் எண்பத்தாறாம் அகவையில் உயிர் நீத்தார்.

இந்திய அரசியல் நிர்ணய சபையிலும் இதே வினா எழுந்தது. அமெரிக்க முறையில் அதிகாரங்களை அறவே பிரிக்கவேண்டும் என்று கே.டி. ஷா வாதிட்டார். நிலைத்த ஆட்சியினும் நாள்தோறும் பதில் சொல்லும் ஆட்சியே மேல் என்ற கருத்தை அம்பேத்கர் முன்வைத்தார். அவை அதனை ஏற்றது. நம் முனையிலிருந்து கடல் கடந்தால் உள்ள இலங்கையில் 1978இல் நிறைவேற்று அதிகாரமுள்ள சனாதிபதி முறை வந்தது. 2018இல் அந்நாட்டுச் சனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, அச்செயல் சட்டத்திற்கு முரணானது என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளிக்க வேண்டியதாயிற்று. வினா பழையதாகிவிடவில்லை.

மாணவ நண்பர்களே! சி.பி. அறிவிலிருந்து தவறியவர் அல்லர். அறிவில் அவரை வென்றார் அந்நாளில் அரியர். உழைப்பிலும் குறைந்தவரல்லர். தம்மைத் தடுக்கும் உரிமை பிறர்க்கும் உண்டு என்பதை ஏற்காமையே அவர் குறை. நல்லவர் கையிலும் வல்லவர் கையிலும் அதிகாரம் அளவோடு இருத்தல் வேண்டும். திருவிதாங்கோட்டின் பெயர் தாங்கிய நாடு மறைந்துவிட்டது. அது விட்டுச் சென்ற இப்பாடம், சங்கத் தேர்தல் முதல் சட்டமன்றத் தேர்தல் வரை, தலைமை ஏற்க விழையும் ஒவ்வொருவர்க்கும் உரியது.