ஸ்ரீ அரவிந்தர்

ஸ்ரீ அரவிந்தர் (ஆகத்து 15, 1872 - டிசம்பர் 5, 1950) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் இதழாசிரியரும் கவிஞரும் யோகியும் ஆவார். இவரது இயற்பெயர் அரவிந்த கோசு. வங்காளத்தில் பிறந்த இவர், தம் வாழ்வின் இறுதி நாற்பது ஆண்டுகளைப் பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த புதுச்சேரியில் கழித்தார். 1938 ஆம் ஆண்டு தமது அறையில் தவறி விழுந்ததில் இவரது வலது தொடை எலும்பு முறிந்தது. அதன்பின் மருத்துவமனைக்குச் செல்லாமல் தங்கியிருந்த இடத்திலேயே பல மாதங்கள் சிகிச்சை பெற்று மீண்டும் நடக்கத் தொடங்கினார். இந்நிகழ்வு இவரது பிற்கால வாழ்க்கை முறையையும் எழுத்துப் பணியையும் பெரிதும் மாற்றியது.

பிறப்பும் கல்வியும்

அரவிந்தர் கொல்கத்தாவில் பிறந்தார். தந்தை கிருட்டிண தன கோசு ஒரு மருத்துவர். தாய் சுவர்ணலதா தேவி. மேலைநாட்டுக் கல்வியில் பெரும் நம்பிக்கை கொண்டிருந்த தந்தை, பிள்ளைகளை முதலில் டார்ஜிலிங்கில் இருந்த ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார். 1879 இல் அரவிந்தரும் அவருடைய தமையன்மார் இருவரும் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். மான்செசுட்டரில் தொடக்கக் கல்வி பெற்ற அரவிந்தர், பின்னர் இலண்டன் தூய பவுல் பள்ளியிலும் கேம்பிரிட்சு கிங்சு கல்லூரியிலும் பயின்றார். இந்தியக் குடிமைப் பணிக்கான எழுத்துத் தேர்வில் வெற்றி பெற்றபோதிலும், குதிரையேற்றத் தேர்வை முடிக்காததால் அப்பணியில் சேரவில்லை. 1893 இல் நாடு திரும்பி பரோடா அரசின் பணியில் அமர்ந்தார். 1901 இல் மிருணாளினி தேவியை மணந்தார்.

அரசியல் வாழ்வு

வங்கப் பிரிவினைக்கு எதிரான கிளர்ச்சியின்போது, 1906 இல், அரவிந்தர் கொல்கத்தாவுக்குச் சென்றார். அங்கு வங்காளத் தேசியக் கல்லூரியின் முதல்வராகப் பொறுப்பேற்றார். வந்தே மாதரம் இதழில் எழுதி முழு விடுதலைக் கோரிக்கையை முன்வைத்தார். 1908 மே மாதம் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் கைது செய்யப்பட்டு ஓராண்டு சிறையில் இருந்தார். சித்தரஞ்சன் தாசு இவருக்காக வாதாடினார். 1909 மே மாதம் இவர் விடுதலை செய்யப்பட்டார். சிறையில் பெற்ற அகவனுபவங்கள் இவரது மனத்தை யோகத்தின் பக்கம் திருப்பின.

புதுச்சேரி வருகை

1910 ஏப்ரல் 4 அன்று அரவிந்தர் கப்பல் வழியாகப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பிரித்தானிய அரசின் நேரடி அதிகாரம் செல்லாத இந்நகரில் சுப்பிரமணிய பாரதியார் முன்னரே தங்கியிருந்தார். அவரும் வ. வே. சு. ஐயரும் இவருடன் நெருங்கிப் பழகினர். சில காலம் சங்கர செட்டியார் இல்லத்தில் தங்கிய அரவிந்தர், பின்னர் நகரின் வேறு சில வீடுகளுக்கு மாறினார். 1914 முதல் 1921 வரை வெளிவந்த ஆர்யா என்னும் ஆங்கில மாத இதழில் இவரது முதன்மையான உரைநடை நூல்கள் பெரும்பாலும் தொடராக வந்தன.

பிரான்சில் பிறந்த மிர்ரா அல்பாசா 1914 இல் இவரை முதன்முறையாகச் சந்தித்தார். 1920 இல் மீண்டும் வந்து புதுச்சேரியிலேயே தங்கிவிட்டார். அன்னை என்று அழைக்கப்பட்ட அவரிடம், 1926 நவம்பர் 24 க்குப் பிறகு ஆசிரமப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு அரவிந்தர் தனிமையை மேற்கொண்டார். ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும் அன்பர்களுக்குக் காட்சி தந்தார். ஏனைய நாட்களில் அன்னையும் மிகச் சிலருமே இவரைக் காண முடிந்தது. அன்பர்களின் ஐயங்களுக்குக் கடிதம் வாயிலாக மறுமொழி அளித்தார். 1930 களில் இக்கடிதப் பணி இரவின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. அறைக்குள்ளேயே நெடுநேரம் உலாவுவது இவரது வழக்கமாக இருந்தது.

1938 எலும்பு முறிவு

1938 நவம்பர் 24 காட்சி நாளாகும். அதற்காக வெளியூர்களிலிருந்து பலர் ஆசிரமத்தில் கூடியிருந்தனர். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த உட்ரோ வில்சனின் மகள் மார்கரெட் வில்சனும் அவர்களுள் ஒருவர். அன்று விடியலுக்கு முன், அரவிந்தர் அறைக்குள் நடந்து செல்கையில் தரையில் விரிக்கப்பட்டிருந்த புலித்தோலில் கால் தடுக்கி விழுந்தார். வலது தொடை எலும்பு முழங்காலுக்குச் சற்று மேலே முறிந்தது. இவருக்கு அப்போது வயது 66.

காட்சிக்காகப் பரோடாவிலிருந்து வந்திருந்த மருத்துவர் மணிலால் முதலில் பரிசோதித்து முறிவை அறிந்தார். கால் அசையாதபடி கட்டப்பட்டது. சென்னையிலிருந்து எலும்பு மருத்துவ வல்லுநரும் எக்சு கதிர் வல்லுநரும் வரவழைக்கப்பட்டனர். முறிந்த இரு முனைகளும் ஒன்றனுள் ஒன்று அழுந்தியிருப்பது எக்சு கதிர்ப் படத்தில் தெரிந்தது. அரவிந்தரை வேறிடத்துக்குக் கொண்டு செல்லாமல் அவரது அறையிலேயே சிகிச்சை அளிக்க முடிவு செய்யப்பட்டது. அன்றைய காட்சி நடைபெறவில்லை.

அக்கால மருத்துவ முறை

தொடை எலும்பு உடலின் மிக நீளமான எலும்பாகும். அதைச் சுற்றியுள்ள வலிய தசைகள், எலும்பு முறிந்தவுடன் சுருங்கி, முறிந்த முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறச் செய்கின்றன. இவ்வாறே விட்டால் கால் குட்டையாகிவிடும். இதைத் தடுக்கக் காலில் கயிறும் கப்பியும் பொருத்தி, எடை தொங்கவிட்டு, தொடர்ந்து இழுத்து வைப்பது அக்கால வழக்கம். இம்முறை இழுவைச் சிகிச்சை எனப்படுகிறது. முதல் உலகப் போரில் தாமசு சட்டத்துடன் இம்முறை பயன்படுத்தப்பட்டபோது, தொடை எலும்பு முறிந்த வீரர்களின் இறப்பு பெருமளவு குறைந்தது.

எலும்பின் உட்குழாயில் உலோகக் கம்பி செலுத்தும் அறுவை முறையைச் செருமானிய மருத்துவர் குண்ட்சர் 1939 இல்தான் முதன்முதலில் மனிதரிடம் கையாண்டார். பெனிசிலின் மருந்தும் அப்போது பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆகவே முதிய வயதில் தொடை எலும்பு முறிவது உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடியதாக இருந்தது. பல வாரங்கள் படுத்தே இருப்பதால் படுக்கைப் புண், நுரையீரல் அழற்சி, இரத்த உறைவு ஆகியவை ஏற்படும். எலும்பு நன்கு பொருந்தினாலும் முழங்கால் மூட்டு இறுகி மடங்காமல் போகும்.

வீட்டில் மீட்சி

அரவிந்தரின் கால் இழுவையில் வைக்கப்பட்டது. பல வாரங்கள் இவர் மல்லாந்த நிலையிலேயே படுத்திருக்க நேர்ந்தது. இவரைக் கவனித்துக்கொள்ள ஆசிரமத்தவர் சிலர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். எடின்பரோவில் மருத்துவம் பயின்ற நிரோத்பரன், நெடுங்காலப் பணியாளர் சம்பக்லால், அம்பாலால் புராணி, சத்யேந்திரா, பெச்சர்லால், முல்சங்கர் ஆகியோர் இக்குழுவில் இருந்தனர். இவர்கள் முறை வைத்துக்கொண்டு இரவும் பகலும் உடனிருந்தனர். உணவும் சிகிச்சை ஏற்பாடுகளும் அன்னையின் மேற்பார்வையில் நடைபெற்றன.

எலும்பு கூடியதும் முழங்காலை மடக்குவது அடுத்த சிக்கலாயிற்று. நெடுநாள் அசைவின்றி இருந்த மூட்டு இறுகிப் போயிருந்தது. கட்டில் விளிம்பில் அமர்ந்து காலைத் தொங்கவிடும் பயிற்சியை மணிலால் பரிந்துரைத்தார். இவ்வாறு தொங்கவிடும்போது காலின் எடையே மூட்டைச் சிறிது சிறிதாக மடக்குகிறது. தசைகளுக்கு வலுவூட்டக் கால் பிடித்துவிடப்பட்டது. அதன்பின் நடைப்பயிற்சி தொடங்கியது. கக்கத்தில் வைக்கும் ஊன்றுகட்டைகள் இவருக்கு வசதியாக அமையவில்லை. எனவே இருபுறமும் இருவர் தாங்க, அவர்களின் தோளைப் பற்றி நடந்தார். பின்னர் கைத்தடி ஊன்றி நடக்கும் நிலையை அடைந்தார்.

1939 ஏப்ரல் 24 அன்று அன்பர்களுக்கு மீண்டும் காட்சி தந்தார். அன்னை புதுச்சேரிக்கு நிலையாகத் திரும்பிய நாளான ஏப்ரல் 24 அது முதல் காட்சி நாட்களில் ஒன்றாயிற்று. விபத்துக்கு முன் அன்பர்கள் ஒவ்வொருவராக அருகில் வந்து வணங்குவர். அதன்பின் சற்றுத் தொலைவில் நின்று வணங்கிக் கடந்து செல்லும் முறை ஏற்பட்டது.

இம்மீட்சியின் வரிசை இக்கால நோயாளிகளுக்கும் புதிதன்று. இடுப்பு மூட்டு மாற்று அறுவையை 1960 களில் இங்கிலாந்தின் சான் சார்ன்லி நம்பகமான முறையாக நிலைநாட்டினார். முழங்கால் மூட்டு மாற்று 1970 களில் பரவியது. இவ்வறுவைகளுக்குப் பின் நோயாளி பெரும்பாலும் அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்க வைக்கப்படுகிறார். நெடுநாள் படுக்கை தரும் தீங்குகளைத் தவிர்ப்பதே இதன் நோக்கம். எனினும் வீடு திரும்பிய பின் மூட்டை மடக்கி நீட்டுதல், தொடைத் தசைக்கு வலுவூட்டல், நடைச் சட்டத்திலிருந்து கைத்தடிக்கு மாறுதல் ஆகியவை இன்றும் பல வாரப் பயிற்சியாகவே உள்ளன. தரையில் கிடக்கும் விரிப்புகளை அகற்றுமாறு மருத்துவர்கள் இன்று அறிவுறுத்துகின்றனர். கால் தடுக்கி விழுவதே முதியோரின் எலும்பு முறிவுகளுக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக இருப்பதே இதற்குக் காரணம்.

விபத்தின் விளைவுகள்

இவ்விபத்து பன்னிரண்டு ஆண்டுத் தனிமையை ஒருவகையில் முடிவுக்குக் கொண்டுவந்தது. பணிவிடை செய்தவர்களுடன் அரவிந்தர் ஒவ்வொரு நாளும் உரையாடத் தொடங்கினார். அரசியல், இலக்கியம், மருத்துவம், யோகம், உலகப் போர் எனப் பல பொருள்கள் இவ்வுரையாடல்களில் இடம்பெற்றன. நிரோத்பரனும் புராணியும் 1938 டிசம்பர் முதல் எழுதி வைத்த குறிப்புகள் பின்னர் நூல்களாக வெளிவந்தன. இவரது சொந்த வாழ்க்கை குறித்த பல செய்திகள் இக்குறிப்புகள் வழியாகவே அறியப்படுகின்றன.

மறுபுறம், அன்பர்களுடனான பெருமளவு கடிதப் போக்குவரத்து விபத்துடன் நின்றது. இதனால் கிடைத்த நேரத்தில் அரவிந்தர் ஆர்யா இதழில் வெளிவந்த தொடர்களைத் திருத்தி எழுதினார். தெய்வீக வாழ்வு எனத் தமிழில் அறியப்படும் நூலின் முதற்பகுதி 1939 இலும் இரண்டாம் பகுதி 1940 இலும் வெளியாயின. பல ஆண்டுகளாக எழுதித் திருத்திவந்த சாவித்திரி என்னும் ஆங்கிலக் காப்பியத்தையும் விரிவுபடுத்தினார். கண்பார்வை குறைந்த பின் இவர் சொல்லச் சொல்ல நிரோத்பரன் எழுதினார். இக்காப்பியம் ஏறத்தாழ 24,000 வரிகள் கொண்டது.

விபத்துக்கு ஆன்மிகக் காரணங்கள் உண்டு என்பது ஆசிரமத்தவர் பலரின் நம்பிக்கை. எனினும் மருத்துவர்களின் சிகிச்சையை அரவிந்தர் ஏற்றுக்கொண்டு, அவர்கள் கூறிய பயிற்சிகளைத் தொடர்ந்து செய்தார்.

இறுதிக் காலம்

இரண்டாம் உலகப் போரில் அரவிந்தர் நேச நாடுகளை வெளிப்படையாக ஆதரித்தார். 1942 இல் கிரிப்சு தூதுக்குழுவின் முன்மொழிவை ஏற்குமாறு இந்தியத் தலைவர்களுக்குத் தூதனுப்பினார். அவர்கள் அதை ஏற்கவில்லை. இந்தியா விடுதலை பெற்ற 1947 ஆகத்து 15 இவரது 75 ஆவது பிறந்தநாளாக அமைந்தது. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்தின் வேண்டுகோளின்படி இவர் அந்நாளுக்கான செய்தி ஒன்றை அளித்தார்.

1950 இல் சிறுநீரகக் கோளாறு முற்றியது. அவ்வாண்டு டிசம்பர் 5 அதிகாலையில் அரவிந்தர் காலமானார். டிசம்பர் 9 அன்று ஆசிரம முற்றத்தில் இவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. 1973 இல் மறைந்த அன்னையின் உடலும் அதே சமாதியில் வைக்கப்பட்டுள்ளது. புதுச்சேரி மரைன் வீதியில் உள்ள ஆசிரமத்தில் இச்சமாதி அமைந்துள்ளது. விபத்து முதல் இறுதிநாள் வரை உடனிருந்த நிரோத்பரன், அப்பன்னிரண்டு ஆண்டு நிகழ்வுகளைத் தனி நூலாக எழுதி 1972 இல் வெளியிட்டார்.