செம்பியன் மாதேவி: செம்பிலும் கல்லிலும் ஒரு வாழ்வு

ரிங்லெட் தோட்டக் கோயில்களில் திருவிழா நாளன்று உற்சவர் உலா வருவதைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய செப்புத் திருமேனிகள் 10ஆம் நூற்றாண்டில் உன்னத நிலையை எட்டத் துணைநின்றவர், சோழ அரசி செம்பியன் மாதேவி.

சுமார் 957இல் கணவர் கண்டராதித்தர் இறந்தபோது மகன் உத்தமன் சிறுவன். அரியணை கணவரின் தம்பி அரிஞ்சயருக்குப் போனது. மகன் முடிசூடப் பல ஆண்டுகள் ஆயின. அரசியோ கோயில் திருப்பணியில் இறங்கினார். செங்கற் கோயில்களைக் கருங்கல்லால் மாற்றிக் கட்டினார். கணவர் நினைவாக எழுப்பிய கோனேரிராஜபுரம் கோயிலில், அவர் சிவனை வழிபடும் சிற்பத்தை அமைத்தார். திருக்கோடிகாவலில் பழைய கல்வெட்டுகளைப் புதிய சுவரில் படியெடுத்து வெட்டச் செய்தார். இல்லையேல் அந்த வரலாறு இடிபாட்டோடு போயிருக்கும்.

அக்காலத் திருமேனிகளை மெழுகில் வடித்து, மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வழிந்த வெற்றிடத்தில் உலோகம் வார்த்தார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளிவரும். எனவே ஒவ்வொன்றும் தனி. பண்டைச் சீனரோ சடங்குக் கலங்களை, உட்புறம் அலங்காரம் செதுக்கிய மண் அச்சுத் துண்டுகளைப் பொருத்தி வார்த்தனர்.

ராஜராஜன் ஆட்சியையும் கண்டார் இவ்வரசி. வாஷிங்டன் ஃப்ரீர் கலைக்கூடத்தில் உள்ள செப்புத் தேவி சிலை அவருடைய சாயலே எனச் சில அறிஞர்கள் கருதுகின்றனர்.