டார்வினின் பகடைக் கணக்கு

சார்லஸ் டார்வின் என்றதும் குரங்கை நினைத்துச் சிரிப்பவர் நம்மில் பலர். எனக்கோ அவருடைய பகடைக் கணக்குத்தான் நினைவுக்கு வருகிறது.

1842-இல் லண்டனை விட்டு டௌன் என்னும் சிற்றூரில் குடியேறிய அவரை நெடுங்காலம் வாந்தியும் தளர்ச்சியும் வாட்டின. 1851-இல் பத்து வயது மகள் ஆனியையும் பறிகொடுத்தார். இத்தகையவருக்கு இன்பம் ஏது? அவரோ அதற்கு நாள்தோறும் நேரம் குறித்து வைத்திருந்தார்! நண்பகலில் மணற்பாதையில் உலா. பிறகு சாய்ந்தபடியே, பிறர் படிக்க நாவல் கேட்பார். கதை சோகமாக முடிந்தால் பிடிக்காது. இரவில் மனைவி எம்மாவோடு இரண்டு ஆட்டம் பாக்காமன். அந்தப் பகடை ஆட்டத்தின் வெற்றி தோல்வியையும் ஆராய்ச்சிக் குறிப்பைப் போல் எழுதி வந்தார். 1876-இல் அவர் 2,795, எம்மா 2,490. (அம்மையார் எப்படிப் பொறுத்தாரோ!)

ஒன்று மட்டும் கைநழுவிற்று. இளமையில் விரும்பிய கவிதையும் இசையும் பின்னாளில் சுவைக்கவில்லை. வாரம் ஒரு முறையேனும் அவற்றுக்கு நேரம் தந்திருக்கலாமே என்று தன் வரலாற்றில் வருந்தினார். ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பும் எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்ட மனம் வருவதில்லை.

ஆர்வம் மட்டும் வற்றவில்லை. முதுமையில் மண்புழுக்களுக்குக் காது கேட்குமா என்றறிய, அவற்றின் அருகே பஸூன் என்னும் பெருங்குழலை ஊதச் செய்தார். புழுக்கள் அசையவில்லை. அந்நூல் 1881-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.