சின்னம் அழிந்தது, செடி நிலைத்தது!

நாகூருக்கு அடுத்த ஊர் நாகப்பட்டினம். 1690 முதல் 1781 வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களுக்கு அதுவே தலைநகரம். அதற்கு வழி செய்தவர் வான் ரீடு என்ற டச்சுப் பிரபு.

இவர் 1636-ம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் பிறந்தார். உத்ரெக்ட் பகுதியின் பழைய பிரபு வம்சத்தவர். இளம் வயதிலேயே டச்சுக் கம்பெனியில் சேர்ந்து, கீழ்த்திசைக்குக் கப்பல் ஏறினார்.

புலியும் சிங்கமும்

சோழருக்குப் புலி, பாண்டியருக்கு மீன், சேரருக்கு வில் சின்னமாக இருந்ததல்லவா? அப்படியே ஹாலந்து மாகாணத்துக்குச் சிங்கம். ஆம்ஸ்டர்டாமுக்கு மூன்று சிலுவைகள். பெரிய குடும்பங்களுக்கும் தனிச் சின்னம் உண்டு. அதைக் கேடயத்தில் அமைத்து எழுதுவார்கள். கல்லறையிலும் செதுக்குவார்கள். கடல் கடந்து வந்தவர்களுக்கு, தாம் எந்த ஊர், எந்தக் குலம் என்று சொல்லிக்கொள்ள அதுதான் அடையாளம். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளில் இன்றும் அவற்றைக் காணலாம்.

வைத்தியரும் பிரபுவும்

1670-ல் வான் ரீடு மலையாளக் கரைக்குத் தலைவரானார். வந்தது மிளகு வியாபாரத்துக்கு. மனமோ செடி கொடிகளில் சென்றது. இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர் மூலிகைகளின் பெயரையும் பயனையும் எடுத்துச் சொன்னார். ஓவியர்கள் படம் வரைந்தார்கள். 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' என்ற நூல் பிறந்தது. 1678 முதல் 1693 வரை 12 பாகங்கள் ஆம்ஸ்டர்டாமில் அச்சாயின. செடிகளின் பெயர்கள் மலையாள எழுத்திலும் இருந்தன. வைத்தியரின் பெயரும் நூலில் ஏறியது.

நாகைக் கோட்டை

1684-ல் கம்பெனி, தன் ஊழியர்களின் ஊழலை ஒழிக்க அவருக்குப் பேரதிகாரம் கொடுத்து அனுப்பியது. நாகையில் வலிமையான கோட்டை எழ அவர் ஏற்பாடு செய்தார். பழவேற்காட்டிலிருந்த தலைமை இடம் நாகைக்கு மாறியது.

சின்னத்தில் அத்தனை பெருமை கொண்டவர்கள், காசு அடிக்கும்போது நம் வழிக்கு வந்தார்கள். நாகையின் செப்புக் காசில் ஒரு பக்கம் நம் தெய்வத்தின் உருவம். மறு பக்கம் தமிழில் ஊர்ப் பெயர்! வேறு விதமாக அடித்தால் சந்தையில் யார் வாங்குவார்கள்?

சூரத்தில் சமாதி

1691 டிசம்பரில், பம்பாய்க் கடலில், கப்பலிலேயே வான் ரீடு காலமானார். சூரத்தில் அவருக்கு மாபெரும் மண்டபம் கட்டினார்கள். மேலே நம் நாட்டுக் கட்டிட முறையில் குவிமாடம். உள்ளே சுவரெல்லாம் வண்ணச் சித்திரங்கள், கேடயச் சின்னங்கள், வேத வாசகங்கள்.

மண்டபம் நிற்கிறது. சின்னங்களின் வண்ணம் போய்விட்டது. ஆனால் ஒரு நாட்டு வைத்தியரிடம் கேட்டு அவர் எழுதிவைத்த செடிகளின் கதையை உலகம் இன்றும் படிக்கிறது.