கொக்குவில் இந்துவுக்கு வந்த கிறிஸ்தவ அதிபர்

சுருட்டுக்கும் புகையிலைக்கும் பேர்போன கொக்குவிலில் 1910ஆம் ஆண்டு எழுந்தது கொக்குவில் இந்துக் கல்லூரி. பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லும். 1949இல் அக்கல்லூரியை நடத்திய சைவப் பெருமக்கள் அதிபர் பதவியை யாரிடம் ஒப்படைத்தார்கள் தெரியுமா? மானிப்பாயிலே கிறிஸ்தவக் குடும்பமொன்றிற் பிறந்து, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிற் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்த ஹன்டி பேரின்பநாயகத்திடம்.

அவர்கள் ஆளறியாமற் கொடுக்கவில்லை. 1899இற் பிறந்த இவர், 1924இல் மாணவர் காங்கிரசைத் தொடக்கியவர்களுள் முதன்மையானவர். பின்னர் அதுவே வாலிபர் காங்கிரசாயிற்று. 1927 நவம்பரில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது அந்தக் காங்கிரசே. சாதி வேற்றுமையையும் மதப் பிரிவையும் எதிர்த்து அது பேசியது. 1931இல் முழுச் சுயராச்சியம் வேண்டுமென்று சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தது. யாழ்ப்பாணத்தின் நான்கு தொகுதிகளுக்கும் ஒருவரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. அந்தப் பகிஷ்கரிப்பு நன்மை செய்ததா என்பது இன்றும் வாதத்துக்குரியது. 1947இல் வட்டுக்கோட்டையில் பாராளுமன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றார். அரசியலில் தோற்றவரைக் கொக்குவில் அதிபராக ஏற்றது.

1960 வரை அப்பதவியில் இருந்தார். அந்த ஆண்டை நம்மவர்கள் மறக்கமாட்டார்கள். அதுவரை உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் காணியும் கட்டிடமும் முகாமையாளருடையவை. ஆசிரியர் சம்பளம் அரசினது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் முகாமையை அரசுக்கு மாற்றியது. மறு ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் காணியையும் கட்டிடத்தையும் நட்டஈடின்றியே எடுத்துக்கொள்ள வழிசெய்தது. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளேயே இரவு பகலாகத் தங்கிக் காவல் காத்தார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியஸ் வந்து சமரசம் பேசினார். பெரிய பாடசாலைகளுக்குத் தனித்து நிற்கும் வழியொன்று சட்டத்தில் இருந்தது; யாழ். புனித பத்திரிசியார் கல்லூரி அதனைத் தெரிந்து, அரச நிதியின்றி நின்றது. கொக்குவில் இந்து அரச பாடசாலையாயிற்று.

நமது இழப்பையே நாம் பேசிப் பழகிவிட்டோம். சைவ மக்கள் பிடியரிசி சேர்த்தும் காணி கொடுத்தும் வளர்த்த பாடசாலைகளும் அதே சட்டத்தினாலேயே கைமாறின என்பதை நம் பக்கங்களில் எத்தனை தடவை எழுதினோம்?

அரசு எடுத்தது உறுதியில் எழுதப்பட்ட காணியை. 1949இல் ஒரு சைவ ஊர் ஒரு கிறிஸ்தவரின் கையில் தன் பிள்ளைகளைக் கொடுத்ததே, அந்தக் கைமாற்றத்துக்கு உறுதியுமில்லை, சட்டமுமில்லை. அதனை எந்த அரசும் செய்வித்திருக்க முடியாது.

பதவி விட்ட பின்னர், 1961இல் அமைக்கப்பட்ட தேசிய கல்வி ஆணைக்குழுவில் ஹன்டி அங்கத்தவராக இருந்தார். 1977 டிசம்பரிற் காலமானார். கல்லூரி இன்றும் இந்து என்ற பெயரோடுதான் நிற்கிறது.