புலியைச் சுட்டவர் புலியைப் படம் பிடித்தார்!

புலி வேட்டையில் பெரும் புகழ் பெற்றவர் அவர். ஆனால் துப்பாக்கி தராத மகிழ்ச்சியை அவருக்கு ஒரு காமிரா தந்தது. அவர்தான் ஜிம் கார்பெட்.

காடே பள்ளிக்கூடம்

இமயமலைச் சாரலில் உள்ள நைனிடாலில், 1875-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி கார்பெட் பிறந்தார். தந்தை அந்த ஊர் போஸ்டு மாஸ்டர். தந்தை இறந்தபோது ஜிம்முக்கு 6 வயதுகூட நிரம்பவில்லை.

குளிர் காலத்தில் குடும்பம் மலையை விட்டு இறங்கி, காலாதுங்கி என்ற ஊருக்கு வந்து விடும். அங்கே வீட்டைச் சுற்றிலும் காடு. பறவைகளின் குரலையும் மிருகங்களின் காலடித் தடத்தையும் சிறுவன் பாடம் போலப் படித்தான்.

வளர்ந்ததும் ரெயில்வேயில் வேலை. கங்கைக் கரையில் உள்ள மொகாமாவில் சரக்கு ஏற்றி இறக்கும் பொறுப்பை 20 ஆண்டுகளுக்கு மேல் பார்த்தார்.

உடைந்த பல்

அந்தக் காலத்தில், சம்பாவத் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பெண் புலி மக்களை நடுங்க வைத்தது. அது 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. 1907-ல் கார்பெட் அதைச் சுட்டு வீழ்த்தினார்.

செத்த புலியின் வாயைப் பார்த்தார். வலது பக்கத்துக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. முன்பு எப்போதோ யாரோ சுட்ட குண்டு செய்த வேலை! காட்டு மிருகத்தைக் கவ்விப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதனைத் தேடி வந்தது. புலி பிறவியிலேயே மனிதனுக்குப் பகை அல்ல என்பது கார்பெட்டுக்கு விளங்கிற்று.

தண்ணீர் செய்த உதவி

சாம்பியன் என்ற வன அதிகாரி, புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டி வைப்பார். இரவில் புலியின் கால் பட்டதும் பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும். புலி தன்னைத் தானே படம் எடுத்துக் கொள்ளும்!

அந்தப் படங்களைக் கண்ட கார்பெட்டுக்கும் ஆசை பிறந்தது. புலித் தோல் ஒருவர் வீட்டில் மட்டுமே தொங்கும். படத்தையோ ஊரே பார்க்கலாம். புலியும் உயிரோடு இருக்கும்.

நண்பர் ஒருவர் 16 மில்லிமீட்டர் சினிமா காமிராவைப் பரிசாகக் கொடுத்தார். 10 ஆண்டுகள் காடு காடாக அலைந்தார். நல்ல படம் கிடைக்கவில்லை. காமிரா ஓடும் சத்தம் புலியின் கூரிய காதுக்கு எட்டி விடும்.

கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. காட்டு ஓடை ஒன்றின் குறுக்கே சின்னச் சின்ன அணைகள் கட்டினார். தண்ணீர் சலசலவென்று விழுந்தது. அந்த ஓசையில் காமிராவின் சத்தம் அமுங்கிப் போயிற்று. பல மாதம் பொறுமையாகக் காத்திருந்து, பட்டப் பகலில் 7 புலிகளைப் படம் பிடித்தார். அவற்றில் ஒன்று வெண்ணிறப் பெண் புலி!

ஆனாலும் ஆட்கொல்லிக்குப் பயந்து கிராமத்தார் அழைத்தால் துப்பாக்கியோடு போகத் தவறவில்லை. 1938-ல் தாக் என்ற ஊரில் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றபோது அவருக்கு வயது 63.

பெயர் நிலைத்தது

புலிகளைக் காக்க வேண்டும் என்று கார்பெட் பாடுபட்டார். 1936-ல் அவர் நன்கு அறிந்த காட்டிலேயே இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைந்தது. 1947-ல் அவர் கென்யாவில் குடியேறினார். 1955-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி அங்கேயே காலமானார்.

பிறகு அந்தப் பூங்காவுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. புலிகளைக் காக்கும் அரசாங்கத் திட்டம் 1973-ல் அங்கேதான் தொடங்கிற்று. இன்றும் காமிராவோடு வருகிறவர்களுக்கு அந்தக் காட்டில் புலி தரிசனம் கொடுக்கிறது.