ஏலக்காய் ஏலத்துக்கும் ஜகதீச சந்திர போஸுக்கும் என்ன தொடர்பு? போடி மலையில் கேபிள் அறுந்தால் கைகொடுக்கும் அலைகளின் கதை

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் என்றால் இப்போது கூவிக் கூவி விலை கேட்பதெல்லாம் கிடையாது. வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். சாம்பிள் கைக்கு வரும். பார்த்துவிட்டு பட்டனைத் தட்டினால் விலை திரையில் ஏறும். நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் இது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவின் இடுக்கி மாவட்டம் புத்தடியிலும் இதே போல ஒரு மையம் இருக்கிறது.

கொரோனா காலத்தில் மாநில எல்லையைத் தாண்டுவதே பெரும்பாடாகிப் போனது. 2021-இல் கிளவுட் வழி ஏலம் வந்தது. போடியில் இருப்பவரும் புத்தடியில் இருப்பவரும் ஒரே நேரத்தில் ஒரே சரக்குக்கு விலை கேட்கலாம்.

நல்ல வசதிதான். ஆனால் ஏலம் நடக்கும்போது ஒரு பக்கம் இணைப்பு போனால்? விலை கேட்க ஆள் குறையும். ஆள் குறைந்தால் விலை இறங்கும். 2019 ஆகஸ்டில் புத்தடியில் கிலோ 7,000 ரூபாய் வரை போன சரக்கு இது. அப்படி விலை இறங்கினால் அடி விழுவது தோட்டக்காரருக்கு.

இரண்டு லைன் இருந்தால் போதுமா?

இதனால்தான் இரண்டு அலுவலகங்களை இணைக்கும்போது ஒரு லைனோடு நிறுத்தக் கூடாது என்பார்கள் நெட்வொர்க் வேலை பார்ப்பவர்கள். ஒன்று போனால் இன்னொன்று. ரவுட்டர் எதிர்முனையை நொடிக்கு நொடி கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வரவில்லையென்றால் தானாகவே அடுத்த வழிக்கு மாறிவிடும்.

இதில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான். இரண்டு கம்பெனியிடம் இரண்டு ஃபைபர் வாங்குவார்கள். இரண்டும் ஒரே ரோட்டோரம், ஒரே பள்ளத்தில் வரும். மழையில் மண் சரிந்தாலோ, ஜேசிபி தோண்டினாலோ இரண்டும் சேர்ந்தே போகும். பில் மட்டும் இரண்டு. மலைப்பாதையில் இரண்டாவது வழி என்பது மண்ணைத் தொடாத வழியாக இருந்தால்தான் நல்லது. அதாவது மைக்ரோவேவ் ரேடியோ.

அந்த மைக்ரோவேவை, கொல்கத்தாவில் ஒரு கல்லூரியின் சின்ன அறையில் உட்கார்ந்து 1890-களிலேயே கைக்குள் கொண்டுவந்தவர் ஜகதீச சந்திர போஸ்.

சம்பளம் வாங்காத பேராசிரியர்

1858 நவம்பர் 30-ஆம் தேதி, இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங்கில் பிறந்தவர் போஸ். அப்பா பகவான் சந்திர போஸ் அரசு அதிகாரி. வசதியான வீட்டுப் பையன்களெல்லாம் ஆங்கிலப் பள்ளிக்குப் போன காலத்தில், மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே மீனவர் மகனும், வீட்டு உதவியாளரின் மகனும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள்.

பிறகு கொல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரி. மருத்துவம் படிக்க லண்டன் போனார், உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கேம்பிரிட்ஜுக்கு மாறி அறிவியல் படித்தார். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர்களில் ஒருவர் ராலே பிரபு.

1885-இல் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் வேலை. இந்தியர் என்பதால் ஐரோப்பியப் பேராசிரியருக்குத் தரும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். தற்காலிகப் பணி என்று சொல்லி அதிலும் பாதியைக் குறைத்தார்கள். போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. மூன்று வருடம் ஒழுங்காகப் பாடம் எடுத்துக்கொண்டே சம்பளத்தைத் தொடாமல் இருந்தார். கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்து, முழுச் சம்பளத்தையும் பழைய பாக்கியோடு கொடுத்தது.

அந்த நாட்களில், 1887-இல் அவர் மணந்த அபலா, பெண் என்பதால் கொல்கத்தாவில் மருத்துவம் படிக்க இடம் கிடைக்காமல் சென்னைக்கு வந்து படித்தவர். உடல்நலம் இடம் கொடுக்காததால் படிப்பைப் பாதியில் விட்டார். பின்னாளில் பெண்கல்விக்காக நிறைய வேலை செய்தார்.

சணலும் ரயில்வே கைடும்

ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி மின்காந்த அலைகளைக் கண்டுகாட்டியபோது அவை நீளமான அலைகள். மிகக் குறைந்ததே அரை மீட்டருக்கு மேல். ஒளியைப் போல இவையும் வளையுமா, பிரதிபலிக்குமா என்று சோதிக்கப் பெரிய இடம் வேண்டும். போஸிடம் அது இல்லை. அதனால் அலையையே சிறிதாக்கினார். 5 மில்லிமீட்டர் வரை! இன்றைய கணக்கில் அது 60 கிகாஹெர்ட்ஸ்.

கருவிகளையும் அவரே உருவாக்கினார். லென்ஸுக்குக் கந்தகம். அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்று பார்க்க, ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு இடையே தகரத் தாள். அதிர்வின் திசையைத் திருப்ப முறுக்கிய சணல். ஆமாம், சாக்கு தைக்கிற அதே சணல்தான்.

1895-இல் கொல்கத்தா டவுன் ஹாலில் செய்துகாட்டினார். அலை சுவர்களைத் தாண்டிப் போனது. தூரத்தில் இருந்த மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் உரையாற்றக் கூப்பிட்டார்கள்.

இதெல்லாம் இன்றைக்கு மலை உச்சி டவரில் இருக்கிறது. டிஷ்ஷின் மையத்தில் இருக்கும் கூம்பு, போஸ் அலையைச் சேகரிக்க வைத்த புனலின் வாரிசு. நேராக அதிரும் அலையில் ஒரு தகவல், படுக்கையாக அதிரும் அலையில் இன்னொரு தகவல் என்று ஒரே டிஷ்ஷில் இரண்டை அனுப்புவதும், அவர் சணலை வைத்துச் சோதித்த அதே குணத்தை நம்பித்தான்.

அவருடைய 60 கிகாஹெர்ட்ஸை அப்படியே போடி மலையில் ஏற்ற முடியாது. காற்றில் உள்ள ஆக்சிஜனே அதைக் குடித்துவிடும், ஒரு கிலோமீட்டரைத் தாண்டுவதே கஷ்டம். தொலைவுக்குக் குறைந்த அதிர்வெண் வேண்டும். 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போக கனமழை சிக்னலை அடிக்கும். ஏலக்காய் நிழல் மரத்தடியில் வளர்வதால் இன்னொரு தொல்லையும் உண்டு. ஈர இலை அலையை உறிஞ்சும். ஆன்டெனா மர உச்சிக்கு மேலே நிற்க வேண்டும். போடிக்கும் புத்தடிக்கும் நடுவில் மலைமுகடே மறைப்பதால், முகட்டில் ஒரு ரிலே இல்லாமல் ஆகாது. அந்த ரிலேவுக்குத் தனி பேட்டரி இல்லையென்றால், கரண்ட் போனதும் பேக்கப்பும் போய்விடும். எல்லாம் முடிந்த பிறகு, ஏலம் இல்லாத ஒரு நாளில் ஃபைபரை வேண்டுமென்றே பிடுங்கிப் பார்க்க வேண்டும்.

காப்புரிமை வேண்டாம் என்றவர்

போஸ்தான் வைஃபையைக் கண்டுபிடித்தார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது கொஞ்சம் ஓவர். செய்தி அனுப்புவது அவர் நோக்கமே இல்லை. அலையின் குணத்தை அறிவதுதான் நோக்கம். கடல் தாண்டி அனுப்புவதில் குறியாக இருந்தவர் மார்க்கோனி. 1901 டிசம்பரில் அதைச் செய்தார், 1909-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் மார்க்கோனி அன்று பயன்படுத்திய அலை உணரி, போஸ் 1899-இல் வெளியிட்ட பாதரசக் கருவியை ஒட்டியது என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு.

அதே 1901-இல் லண்டனில் ஒரு தந்தி நிறுவன முதலாளி, காப்புரிமை எடுக்கலாம், லாபத்தில் பங்கு தருகிறேன் என்று போஸைத் தேடி வந்தார். போஸ் மறுத்துவிட்டு, அந்தப் பண ஆசையை நொந்து நண்பர் தாகூருக்குக் கடிதம் எழுதினார். சகோதரி நிவேதிதாவும் சாரா புல்லும் விடாமல் வற்புறுத்தியதால்தான் ஒரு கருவிக்கு அமெரிக்காவில் விண்ணப்பித்தார். 1904-இல் காப்புரிமை கிடைத்தது. அதையும் வைத்து அவர் காசு பார்க்கவில்லை.

அதற்குள் அவர் மனம் செடிகளுக்குப் போய்விட்டது. செடியின் வளர்ச்சியைப் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃபை உருவாக்கினார். 1917-இல், தன் பிறந்தநாளிலேயே, கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1920-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1937 நவம்பர் 23-ஆம் தேதி, இன்றைய ஜார்க்கண்டில் உள்ள கிரிதியில் காலமானார். அடுத்த வாரம் அவருக்கு 79 வயது நிறைந்திருக்கும். ரேடியோ சோதனைகளுக்கு அவர் செய்த கருவிகள் சில கொல்கத்தா நிறுவனத்தில் இன்றும் இருக்கின்றன.